எபிஜெனெடிக்ஸும் நோயறிதலும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாராவது ஒரு புதிய இரத்தப் பரிசோதனையின் விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்தால், அது நாலு பேர் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்துவிடும். அரசாங்க மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதுதான் காரணம். நான் மருத்துவன் அல்லன். கொஞ்ச காலமாக அந்த விளம்பரங்களில் ‘எபிஜெனெடிக்’ என்ற சொல் தலைகாட்டுகிறது. தோட்டத்துக் கோயில் மண்டபத்திலும் டவுன் சாப்பாட்டுக் கடையிலும் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எபிஜெனெடிக்ஸ் என்பது என்ன?

உங்கள் கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றேதான். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000; எல்லாச் செல்லிலும் எல்லாமே உண்டு. பிறகு கண் எப்படிக் கண்ணாகிறது? எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடுவதால்தான். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், எல்லார் பெயரும் இருக்கும். இன்றைக்கு யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்பது காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கிராணி என்ற தோட்டத்துக் கணக்கர் வைக்கும் பென்சில் குறியில்தான் இருக்கும். அந்தக் குறிகளைப் பற்றிய அறிவியல் இது. 1942இல் கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் இதற்குப் பெயர் வைத்தார்.

குறிகளில் மூன்று வகை முக்கியமானவை. டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீது மெத்தில் என்ற சிறிய வேதிக்கூறு ஒட்டிக்கொள்வது முதல் வகை. இது பெரும்பாலும் சைட்டோசினை அடுத்துக் குவானின் என்ற இன்னோர் எழுத்து வரும் இடங்களில் நடக்கிறது. மனித டிஎன்ஏவில் அப்படிப்பட்ட இடங்கள் சுமார் 2.8 கோடி. மரபணு தொடங்கும் இடத்தில் மெத்தில் நிறைய ஏறிவிட்டால் அந்த மரபணு பொதுவாக ஊமையாகிவிடும். இரண்டாவது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏற்படும் மாற்றம். ஒரு செல்லுக்குள் சுமார் 2 மீட்டர் நீள டிஎன்ஏ சுருண்டு கிடக்கிறது. அது இறுகச் சுற்றியிருந்தால் படிக்க முடியாது, தளர்ந்தால் படிக்கலாம். மூன்றாவது, புரதம் செய்யாத சில ஆர்என்ஏ துண்டுகள். நோயறிதலில் இன்றைக்குப் பயன்படுவது பெரும்பாலும் முதல் வகைதான். ஆகவே மற்ற இரண்டையும் இத்துடன் விட்டுவிடுகிறேன்.

தலசீமியா போன்ற மரபணு நோய்க்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தலசீமியாவில் எழுத்தே தவறு: ஒன்று மாறியிருக்கும் அல்லது ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். எபிஜெனெடிக் கோளாறில் எழுத்து சரியாக இருந்தும் மரபணு திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கிடக்கும், அல்லது மூட வேண்டியபோது திறந்திருக்கும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அறிவுத்திறன் குறைபாட்டைத் தரும் ஃப்ராஜைல் எக்ஸ் நோயில், எக்ஸ் குரோமோசோமின் ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறது. அது எழுத்துப் பிழை. அந்தப் பிழையைத் தொடர்ந்து மெத்தில் ஏறி மரபணு அடங்கிப்போகிறது. நோயைத் தருவது அந்த அடங்கல்தான்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறியை எப்படிப் படிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குக் கொண்டாட்டம். வழக்கமான டிஎன்ஏ வாசிப்புக் கருவிக்கு மெத்தில் ஏறிய சைட்டோசினும் ஏறாத சைட்டோசினும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் முதலில் டிஎன்ஏவை பைசல்ஃபைட் என்ற உப்புக் கரைசலில் போட்டு, இருட்டில் சூடாக்கி வைப்பார்கள். மெத்தில் இல்லாத சைட்டோசின் எல்லாம் யூராசில் என்ற வேறோர் எழுத்தாக மாறிவிடும். மெத்தில் போர்த்திய சைட்டோசின் அப்படியே நிற்கும். பிறகு கழுவி, பிசிஆர் கருவியில் பெருக்கிப் படித்தால், எங்கெல்லாம் சைட்டோசின் மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் மெத்தில் இருந்தது என்று பொருள்.

எளிமையாகத் தெரிந்தாலும் அந்தக் கரைசல் டிஎன்ஏவைச் சின்னாபின்னமாக்கக்கூடியது. மாதிரி குறைவாக இருந்தாலோ, நாள்பட்டுக் கெட்டிருந்தாலோ, வேதிமாற்றம் பாதியில் நின்றிருந்தாலோ விடை பிசகும். இன்னொன்றும் உண்டு: மெத்தில் குறி செல்லுக்குச் செல் வேறு. இரத்தத்தில் பார்த்ததை வைத்துக் கணையத்தில் என்ன நடக்கிறது என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது. விளம்பரக்காரர்கள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

இந்த முறையில் சந்தேகமில்லாமல் கண்டறியப்படும் நோய் எதாவது இருக்கிறதா?

இருக்கிறது. பிராடர்-வில்லி நோய்க்குறி என்று ஒன்று. பிறந்த குழந்தை துணிபோலத் துவண்டு கிடக்கும், பால் இழுக்க வலு இருக்காது. சவலை என்றும் தோஷம் என்றும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகும்: அடங்காத பசி, கட்டுக்கடங்காத எடை.

பெரும்பாலான மரபணுக்களில் அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியும் சேர்ந்தே வேலை செய்யும். 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் மட்டும் அப்படியில்லை. அங்கே சில மரபணுக்களில் அம்மாவின் பிரதி மெத்தில் ஏறி மூடியிருக்கும். அப்பாவின் பிரதிதான் பேசும். அப்பாவின் அந்தத் துண்டு இல்லாமல் போனாலும், இரண்டு பிரதிகளும் அம்மாவிடமிருந்தே வந்துவிட்டாலும் பிராடர்-வில்லி நோய் வரும். பரிசோதனையில் மெத்தில் ஏறிய பிரதி மட்டும் தெரிந்து, ஏறாதது தெரியாவிட்டால் முடிவு கையில். இந்த ஒரே பரிசோதனை 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிராடர்-வில்லி குழந்தைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதே இடத்தில் அம்மாவின் பங்கு இழந்துபோனால் வருவது ஏஞ்சல்மன் நோய்க்குறி என்ற வேறொரு பிறவி நோய். அங்கே மெத்தில் பரிசோதனை சுமார் 80 விழுக்காட்டை மட்டுமே பிடிக்கும், மீதிக்கு வேறு பரிசோதனை வேண்டும்.

சீக்கிரம் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையைக் காலத்தில் தொடங்கலாம், பசி தலையெடுக்கும் முன்பே வீட்டு உணவு ஒழுங்கை அமைத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கோயில் கோயிலாகத் தூக்கிக்கொண்டு அலையும் பெற்றோருக்கு, நோயின் பெயர் தெரிவதே பாதிப் பாரம் இறங்கியதுபோல.

புற்றுநோயில் இது எந்த அளவுக்கு உதவுகிறது?

அதிகம் உதவுவது இங்கேதான். புற்றுநோய்ச் செல்லில் மெத்தில் குறிகள் ஒழுங்கு கெட்டுக் கிடக்கும் என்பது 1983இலிருந்தே தெரிந்த சேதி. பொதுவாக மெத்தில் குறைந்திருக்கும்; ஆனால் கட்டியைத் தடுக்க வேண்டிய மரபணுக்களின் வாசலில் மட்டும் கூடியிருக்கும்.

மூளைக் கட்டியை எடுத்துக்கொள்வோம். நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு கட்டிகள் உண்மையில் வேறு வேறு நோயாக இருக்கலாம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழுவினர் கட்டிகளின் மெத்தில் வடிவத்தைக் கணினிக்குக் கற்பித்து, 2018இல் ஒரு வகைப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். புதிதாக வந்த நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்தியபோது 12 விழுக்காடு வரை முதலில் சொல்லப்பட்ட நோயின் பெயரே மாறியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு மூளைக் கட்டி வகைப்பாட்டில் இந்த முறைக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

கிளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான மூளைப் புற்றில் எம்ஜிஎம்டி என்ற மரபணுவைப் பார்ப்பார்கள். டிஎன்ஏவுக்கு மருந்து செய்யும் சேதத்தைப் பழுதுபார்க்கும் மரபணு அது. புற்றுச் செல்லில் அது மூடியிருந்தால் நோயாளிக்கு நல்லது, டெமோசோலோமைட் மருந்து எடுபடும். 2005இல் வந்த ஆய்வில், அது மூடியிருந்தவர்களுள் கதிர்வீச்சோடு இந்த மருந்தும் பெற்றவர்களின் ஆயுள் இடைநிலை அளவாக 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3 மாதம்.

என்னைக் கேட்டால், சாதாரணக் குடும்பத்துக்கு அதிகம் பயன்படுவது பெருங்குடல் புற்றில் செய்யும் எம்எல்எச்1 பரிசோதனைதான். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் எம்எல்எச்1 என்ற புரதம் காணவில்லை என்று அறிக்கை வரும். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பெருங்குடல் புற்று வரும் ஆபத்தைக் கூட்டும், பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியாக இருந்தால் அண்ணன், தம்பி, பிள்ளைகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அல்லது அந்தக் கட்டிக்குள் மட்டும் மெத்தில் ஏறி மரபணு மூடியிருக்கலாம். அப்படியானால் அது பெரும்பாலும் பரம்பரை நோய் அல்ல, பிள்ளைகள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது கட்டியில் செய்யும் மெத்தில் பரிசோதனை. அறிக்கையில் ‘எம்எல்எச்1 இழப்பு’ என்று இருந்தால், மெத்தில் பரிசோதனை செய்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒரு குழாய் இரத்தத்தில் ஐம்பது புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமாமே?

இது அமெரிக்காவின் கேலரி பரிசோதனை. கட்டியிலிருந்து இரத்தத்தில் உதிரும் டிஎன்ஏ துண்டுகளின் மெத்தில் வடிவத்தைப் படிக்கிறது. புற்று இல்லாதவரிடம் ‘இருக்கிறது’ என்று தவறாகச் சொல்வது 200 பேரில் ஒருவருக்குத்தான். அது நல்ல எண். ஆனால் 2021இல் வெளியான ஆய்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நான்காம் கட்டப் புற்றில் 90 விழுக்காட்டைப் பிடித்த அதே பரிசோதனை, முதல் கட்டத்தில் பிடித்தது சுமார் 17 விழுக்காடு. நமக்குத் தேவைப்படுவதோ முதல் கட்டத்தில்தான்! ‘இல்லை’ என்று விடை வந்தால் அதை நம்பி மார்பகப் பரிசோதனையையும் கருப்பைவாய்ப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது.

பெருங்குடல் புற்றுக்கு மட்டும் அமெரிக்க அரசு அனுமதித்த மெத்தில் பரிசோதனைகள் உண்டு: 2014இல் மலத்தில் பார்க்கும் கோலோகார்டு, 2016இல் இரத்தத்தில் பார்க்கும் செப்டின்9. கோலோகார்டு ஆய்வில் அது புற்றுகளில் 92 விழுக்காட்டைப் பிடித்தது. அதே ஆய்வில், மறைந்திருக்கும் இரத்தத்தை மட்டும் மலத்தில் தேடும் சாதாரணப் பரிசோதனை 74 விழுக்காட்டைப் பிடித்தது. அந்தச் சாதாரணப் பரிசோதனை 50 முதல் 75 வயது வரையுள்ளோருக்கு நம் அரசாங்க கிளினிக்கிலேயே செய்யப்படுகிறது. மலத்தைத் தொட அருவருப்பு என்று கொடுத்த குப்பியைத் திருப்பித் தராமல் வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். முதலில் அந்தக் குப்பியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பாட்டி வெற்றிலை பாக்குப் போடுகிறார். வாய்ப் புற்றை இப்படிக் கண்டுபிடிக்க முடியுமா?

பாக்கு புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அப்படித்தான். வாய்ப் புற்றிலும் அதற்கு முந்தைய திட்டுகளிலும் பி16 என்ற காவல் மரபணு மெத்தில் ஏறி மூடியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் பாட்டிக்குத் தேவை பல் மருத்துவரின் விளக்கும் கண்ணும்தான். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இனிப்பு நீர் (நீரிழிவு). இதற்கும் எபிஜெனெடிக்ஸுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நோயைப் புரிந்துகொள்வதில் மட்டும், நோயறிதலில் இன்னும் இல்லை.

தேசியச் சுகாதார ஆய்வு 2019இல் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடம் அது மற்ற இனத்தவரைவிடக் கூடுதல். டின் பால் தேத்தண்ணீரையும் சோற்றையும் குறை சொல்லலாம். அது மட்டும் போதாது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் எழுதினார்கள். புனே குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, சவுத்ஹாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடை குறைவாக இருந்தும் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. மெலிந்த உடம்பில் கொழுப்பு என்ற நம் இன வாகு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

கருப்பையின் சூழல் மெத்தில் குறியில் பதிகிறதா? சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைத் தொடரும் சிங்கப்பூரின் கஸ்டோ ஆய்வு 2014இல் இதைப் பார்த்தது. பிறந்த குழந்தைகளிடையே வேறுபடும் மெத்தில் இடங்களில் சுமார் 75 விழுக்காட்டை மரபணுவும் கருப்பைச் சூழலும் சேர்ந்துதான் நன்றாக விளக்கின. மீதி 25 விழுக்காட்டை மரபணு மட்டுமே விளக்கியது. பரம்பரையா சூழலா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. பிற்பாடு நீரிழிவு வந்தவர்களின் இரத்தத்தில், நோய் வருவதற்கு முன்பே ஐந்து மரபணு இடங்களில் மெத்தில் அளவு மாறியிருந்தது. அந்த ஐந்தில் டிஎக்ஸ்என்ஐபி என்பது ஒன்று. அது இன்னொரு கேள்வியில் மறுபடி வரும். கூட்டத்தைப் பார்த்தால் அந்த வேறுபாடு தெரிகிறது. தனி ஆளைப் பார்த்து ‘உனக்கு வரும், உனக்கு வராது’ என்று சொல்ல அதை யாரும் மருத்துவமனையில் பயன்படுத்துவதில்லை. நீரிழிவை அறிய மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறது. மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு. கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்.

ஜப்பான்காரன் காலத்தில் பாட்டி மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்று உயிர் பிழைத்தார். அந்தப் பட்டினி எங்கள் உடம்பில் பதிந்திருக்குமா?

ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த 1942 முதல் 1945 வரை தோட்டங்களில் அரிசி இல்லாமல் தவித்தவர்களின் பேரப் பிள்ளைகள் கேட்கும்போது, இதற்குச் சட்டென்று பதில் சொல்ல மனம் வருவதில்லை.

அதே போர்க்காலத்தில் நெதர்லாந்திலும் ஒரு பஞ்சம் வந்தது, 1944–45 குளிர்காலத்தில். அது எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, யார் அப்போது கருவில் இருந்தார்கள் என்று பதிவேடுகள் இருந்ததால் ஆராய முடிந்தது. பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுக்கு நடுவயதில் இரத்தச் சர்க்கரை கட்டுப்பாடு மோசமாக இருந்தது. 2008இல் வந்த ஆய்வில், கரு உருவான தொடக்கத்தில் பஞ்சத்துக்கு ஆளானவர்களை அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 மரபணுவில் அறுபது ஆண்டுக்குப் பிறகும் மெத்தில் குறைவு தெரிந்தது. குறைவு சிறியதே, ஆனால் இருந்தது.

ஆக, பட்டினிக் காலத்தில் பாட்டியின் வயிற்றில் இருந்த உங்கள் அம்மாவுக்கோ மாமாவுக்கோ பதிந்திருக்கலாம் என்று நினைக்க இடமிருக்கிறது. உங்களுக்கு? கரு உண்டாகும்போதும், பிறகு முட்டைச் செல்லும் விந்தணுவும் உருவாகும்போதும் பழைய மெத்தில் குறிகளில் பெரும்பாலானவை அழித்து எழுதப்படுகின்றன. மேலும், பெண் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைச் செல்கள் உருவாகிவிடுவதால், பேரப் பிள்ளையின் ஒரு பாதியும் அந்தப் பட்டினியை நேரடியாகவே பார்த்திருக்கிறது. அதனால் வழிவழியாக இறங்குகிறது என்று காட்ட வேண்டுமானால் கொள்ளுப் பேத்தியிடம் காட்ட வேண்டும். எலிகளிலும் செடிகளிலும் சில சான்றுகள் உண்டு. மனிதரில் இன்னும் நிறுவப்படவில்லை.

அப்படியானால் பிள்ளையின் நோய்க்குத் தாய்தான் பொறுப்பா?

இல்லை. கூலி குறைவாகக் கிடைத்ததற்கும் அரிசி கிடைக்காததற்கும் அவரா பொறுப்பு? இந்த அறிவியலை மருமகளை ஏச ஒரு புதுக் கருவியாக எடுக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஒரு தடவை பதிந்த குறி மாறுமா?

சில மாறும், சில பிடிவாதமாக நிற்கும். புகைப்பவர்களின் இரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் மெத்தில் நன்றாகக் குறைந்திருக்கும். சிகரெட்டை நிறுத்தினால் ஆண்டுகள் போகப் போகப் பெருமளவு மீளும்.

சர்க்கரை அப்படி எளிதில் மறப்பதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 1,441 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் கடுமையான கட்டுப்பாடு, மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. ஆய்வு முடிந்த பிறகு இரு பக்கத்தாரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகச் சிக்கல்கள் பல ஆண்டுகள் குறைவாகவே இருந்தன. ரமா நடராஜன் தலைமையிலான குழு 2016இல் அவர்களின் இரத்த மாதிரிகளைப் படித்தபோது, சில மெத்தில் வேறுபாடுகள் 16 ஆண்டுக்கு மேல் நிலைத்திருந்தன. முக்கியமான இடம் எது தெரியுமா? அதே டிஎக்ஸ்என்ஐபி. நம்மில் பலருக்கு இருப்பது இரண்டாம் வகை. அங்கும் தொடக்கக் கட்டுப்பாட்டின் பலன் நீண்ட நாள் நிற்கிறது என்று பிரிட்டனின் பெரிய ஆய்வு 2008இல் காட்டியது. தீபாவளிக்குப் பிறகு மருந்தைத் தொடங்கலாம் என்று கிளினிக் தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

‘உங்கள் உண்மையான உடல் வயது’ என்று எச்சில் பரிசோதனை விற்கிறார்களே?

ஸ்டீவ் ஹோர்வத் என்ற ஆய்வாளர் 2013இல் 353 மெத்தில் இடங்களை வைத்து வயதைக் கணிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அருமையான ஆய்வுக் கருவி அது. ஆனால் 45 வயதுக்காரருக்கு ‘உடல் வயது 51’ என்று தாள் வந்தால், மருத்துவர் அதை வைத்து எந்த மருந்தும் எழுத மாட்டார். கூடவே சத்து மாத்திரை விற்றால், எதை விற்கவே பரிசோதனை வந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

குறியை மாற்ற மருந்து உண்டா?

உண்டு, புற்றுநோய்க்கு. எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கு அசாசிட்டிடின் என்ற மெத்தில் தடுப்பு மருந்தை அமெரிக்கா 2004இல் அனுமதித்தது. வலுவான மருந்து, இரத்த நோய் நிபுணர் மேற்பார்வையில் ஊசியாகத் தருவது. கஷாயமும் பொடியும் இந்தப் பட்டியலில் இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பது குறியை மாற்ற அல்ல, குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க; அதை நிறுத்திவிடாதீர்கள்.

களைக்கொல்லி அடித்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை உதவுமா?

பூச்சிக்கொல்லிகளுக்கும் மெத்தில் மாற்றத்துக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் இருந்தாலும், தனி ஆளின் பாதிப்பை அளக்கும் பரிசோதனை இல்லை. மலேசியா 2020 ஜனவரி 1 முதல் பாராக்குவாட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்துவிட்டது. கரிமப் பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி பட்டிருந்தால் கோலினெஸ்டரேஸ் என்ற இரத்தப் பரிசோதனை உண்டு, அதைக் கேளுங்கள். பாராக்குவாட்டை அது காட்டாது.

மருத்துவர் மெத்தில் பரிசோதனை வேண்டும் என்றால் எங்கே போவது, என்ன கேட்பது?

சுங்கை சிப்புட்டில் இது நடக்காது. குழந்தைக்கு என்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மூலம், தேவைப்பட்டால் கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். எந்த நோய்க்காக இந்தப் பரிசோதனை, விடை எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும் என்று முதலிலேயே கேளுங்கள். எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அதற்குச் செலவழிப்பதை நான் ஒத்திப்போடுவேன்.

புற்றுநோய்க்கு என்றால் புதிதாக எதையும் வெட்ட வேண்டும் என்பதில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து நோய்க்குறியியல் பிரிவு பத்திரமாக வைத்திருக்கும். பல நேரங்களில் அதிலிருந்து சீவி எடுத்தே பரிசோதனை செய்துவிடலாம். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது அந்த மெழுகுக் கட்டியின் எண் உள்ள அறிக்கை நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.